தப்பொலியும் தொழிலாளியின் ஓய்வும்

பொழுதைப் போக்குவதற்கு முதலில் பொழுது வேண்டும். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நாழிகையேனும் இல்லாத மனிதனுக்குப் பொழுதுபோக்கு எங்கிருந்து வரும்? தோற்கருவி பழகுவது உடலுக்கு நல்லது, உள்ளத்துக்கு நல்லது, மனச்சோர்வைத் தணிக்கும் என்று அறிஞர்கள் இந்நாளில் எழுதுகின்றனர். அக்கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அப்புத்தளை மலைச்சரிவின் லயன்களே எம் கண்முன் வருகின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு தோற்கருவி ஒலித்து வந்திருக்கிறது. விடியற்காலையில் அதன் ஒலி கேட்டு எழுந்தவர் எவரும் அதனால் உள்ளம் குளிர்ந்ததாகச் சொன்னதில்லை. அக்கருவி தப்பு.

ஒரே வகைக் கருவி ஓரிடத்தில் சோர்வு நீக்கும் மருந்தாகவும் வேறோரிடத்தில் உறக்கத்தைப் பறிக்கும் கோலாகவும் இருப்பது எவ்வாறு? தோலையும் மரத்தையும் ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்காது. அது யார் கையில், யார் கட்டளைக்கு, யாருடைய நேரத்தில் ஒலித்தது என்று கேட்கவேண்டும். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முரசுக்கட்டிலில் உறங்கியவர்

தமிழ் இலக்கியம் பயின்றோர் மோசிகீரனாரை அறிவர். வழிநடந்த களைப்பால் அப்புலவர் சேரன் அரண்மனையில் முரசு வைக்கும் கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்தது. அக்கட்டிலில் ஏறியவரை வாளால் இரு துண்டாக்குவது அக்கால முறை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை. கவரி எடுத்து வீசினான். விழித்தெழுந்த புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 50ஆம் பாட்டாக நிற்கிறது. அரசனின் பெருந்தன்மையைப் புகழ இக்கதையைச் சொல்லுவது வழக்கம். களைத்த மனிதன் ஒருவன் முரசின் இடத்தில் அச்சமின்றி ஓய்வுகொண்டான் என்பதே எமக்கு அதில் முதன்மையாகத் தோன்றுகிறது. அத்தகைய உறக்கம் அதன்பின் உழைக்கும் தமிழனுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

பண்டைத் தமிழகத்தில் பறை இழிந்த கருவியன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைக் கணக்கிடும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே கூறுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என நிலந்தோறும் தனித்தனிப் பறை உண்டு. மாங்குடிகிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு, சிறந்த குடிகளாக நான்கை மட்டும் எண்ணுகிறது. துடி கொட்டுவோனும் பறை முழக்குவோனும் அந்நால்வருள் இருக்கின்றனர். பின்வந்த நூற்றாண்டுகளில் நிலம் ஒரு சாரார் கையில் குவிந்தது, உழைத்தோர் தாழ்ந்தனர், அவர் கைக்கருவியும் அவரோடு தாழ்ந்தது. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி என்ற தனிக் குடியிருப்பு இடம்பெற்றுவிட்டது. கலையாக இருந்தது குலத்தொழிலாகி, குலத்தொழில் கட்டாய ஊழியமாகியது. சாவு வீட்டில் பறையடிப்பது ஒருவனுடைய விருப்பமாக இல்லாமற் போய், அவன் பிறப்பின் கடமையாக்கப்பட்டது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. நம் அயலவரான சிங்கள மக்களிடையிலும் பெரவா எனப்படும் முழவுக் குலத்தார், விகாரையிலும் சடங்கிலும் இன்றியமையாதவராக இருந்தும், சமூகப் படிநிலையில் கீழேயே வைக்கப்பட்டனர். முழக்கம் வேண்டும், முழக்குபவன் வேண்டாம் என்ற நிலப்பிரபுத்துவ நியாயம் இரு மொழியிலும் ஒன்றாகவே பேசியிருக்கிறது.

துரையின் கடிகாரம்

1820களில் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த மக்கள் வந்தனர். வந்தவருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மூட்டைமுடிச்சோடு தப்பும் கடல் கடந்தது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கை வந்து ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கினார்; அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேத்தன்னைத் தொழிற்சாலை அவ்வாண்டில் எழுந்தது. 

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு இங்கே கருதத்தக்கது. கோப்பியின் பழம் பறிப்புக்கு ஒரு பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். தேயிலைக் கொழுந்துக்கு அத்தகைய முடிவு கிடையாது. ஒரு மலையில் கொழுந்தெடுத்து முடிந்து சில நாட்களில் அதே மலையில் மீண்டும் கொழுந்து முற்றிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும், குடும்பம் முழுவதும், தோட்டத்திலேயே இருக்கவேண்டியதாயிற்று. லயன் நிலையான வீடாகியது. நாள்தோறும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரை எழுப்பி, நிறுத்தி, எண்ணி, மலைமலையாகப் பிரித்தனுப்பும் தேவை பிறந்தது. லயத்துக் காம்பராவில் கடிகாரம் இல்லை. துரைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அதற்குத் தப்பு அகப்பட்டது.

விடிவதற்கு முன்னரே, மூடுபனியும் குளிரும் எலும்பைத் துளைக்கும் வேளையில், தப்படிப்பவர் லயத்துக்கு லயம் கேட்குமாறு முழக்குவார். பிரட்டுத் தப்பு என்பது அதன் பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் பிரட்டு ஆயிற்று. தப்பொலி கேட்டதும் பெண் எழுவாள், அடுப்பு மூட்டுவாள், ரொட்டி தட்டுவாள், குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் சேர்ப்பாள், கூடையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடுவாள். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். பிந்தியவள் விரட்டப்படலாம், நாட்கூலி அரைப்பேராகக் குறையலாம். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பால-ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் காவியம் இந்த விடியற்காலை முழக்கத்தோடு தொடங்குவது தற்செயலன்று. மலையக மக்களின் நாள் அங்கேதான் தொடங்கியது.

ஆங்கில வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கைத்தொழில் முதலாளித்துவம் தொழிலாளியின் நேரத்தை எவ்வாறு கைப்பற்றியது என்று விளக்கினார். பொழுதையும் பருவத்தையும் பார்த்து உழைத்த மக்களுக்குக் கடிகாரமும் ஆலைமணியும் புதிய எசமானர்களாயின. எமது மலைகளில் அவ்வேலையை ஆலைமணிக்கு முன் தப்பு செய்தது. தோட்டத்துரை செய்த தந்திரம் இதுவே: மக்களின் சொந்தக் கருவியைக் கொண்டே அவர்களுடைய உறக்கத்தைக் கலைத்தான்.

வேறு கண்டங்களின் தோட்டங்களோடு ஒப்பிட்டால் இத்தந்திரம் மேலும் தெளிவாகும். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 1739இல் கறுப்பின அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அடிமைகளுக்கு முரசைத் தடைசெய்தது. திரினிடாட்டில் 1880களில் ஆங்கில ஆட்சி, விழாக்காலத்து முழவுகளை அடக்கியது. மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டித் தாளம் எழுப்பினர். பின்பு, 1930களின் பிற்பகுதி தொடங்கி, தகரத்திலிருந்தும் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்தும் ஒரு புதிய இசைக்கருவியையே படைத்தனர். அங்கே எசமானன் முழவுக்கு அஞ்சித் தடைசெய்தான். இங்கே அவன் அதனை வேலைக்கு அமர்த்திக்கொண்டான். இரண்டு செயல்களும் ஒரே உண்மைக்குச் சான்று: ஒரு முழவு பலரை ஒரே கணத்தில் அசைக்கவல்லது.

தமக்கென ஒலித்த தப்பு

எனினும் துரை அறிந்தது தப்பின் ஓர் அடியை மட்டுமே. மாசி மாத வளர்பிறையில் காமன் கம்பம் நடப்படும். அன்றுமுதல் முழுநிலவுக் காலம் வரை, பகலெல்லாம் உழைத்தவர் இரவில் கூடினர். ரதியும் மன்மதனும் ஆடினர். இறுதியில் காமன் தகனம் நிகழ்ந்தது. பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் விடியவிடிய நடந்தன. அக்கூத்துகளுக்கெல்லாம் உயிர்நாடி தப்பு. காலையில் மக்களை வரிசையில் நிறுத்திய அதே கருவி, இரவில் அவர்களை வட்டமாகக் கூட்டியது. நாள்முழுதும் நிமிராத முதுகு தப்படிக்கு நிமிர்ந்தது. சாவுக்கு ஓர் அடி, சாமி அழைக்க ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி, பிரட்டுக்கு ஓர் அடி என்று இவை வேறுவேறாக இருந்தன. தொலைவில் கேட்கும் ஒலியைக் கொண்டே அடுத்த தோட்டத்தில் நிகழ்வது நன்மையா தீமையா என்று பெரியவர் சொல்லிவிடுவர்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா? அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை இன்று துறவியர் மடமாக இருக்கிறது. அதன் நூலகத்தையும் தோட்டத்தையும் காண்போர், ஒரு துரையின் ஓய்வு எப்படி இருந்தது என்று அறிவர். அதே மலையில், பத்தடி அறையில் வாழ்ந்தோரின் ஓய்வு மாசி மாதத்து இரவுகளில் உறக்கத்தை விற்று வாங்கப்பட்டது. விடிந்தால் மீண்டும் பிரட்டு. ஆயினும் அவ்விரவுகள் இல்லையேல் அம்மக்கள் வெறும் பேர்களாகவே, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் கோடுகளாகவே, முடிந்திருப்பர்.

முழவும் பாட்டும் மக்களை ஒன்றுசேர்க்கும் என்பதைத் தொழிற்சங்க முன்னோடிகள் உணர்ந்திருந்தனர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். 1940இல் வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தோடு பேசினர். வேலைநிறுத்தம் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தப்பின் வரலாற்றில் அதற்கு ஒரே பொருள்தான்: அழைப்பு ஒலித்த பின்னும் பிரட்டுக்களத்துக்குப் போகாதிருக்கும் துணிவு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. கப்பலேறிப் பிரிந்த குடும்பங்களோடு தப்பும் பிரிந்தது. ஒரு பகுதி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் திரும்பிச் சென்றது.

வெட்கத்தின் வேர்

இன்று பிரட்டுத் தப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பல தோட்டங்களில் தொழிற்சாலைச் சங்கு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தப்பைத் தொடுவதில் ஒரு கூச்சம் நிலைத்துவிட்டது. எமது மாணவன் ஒருவன் மேசையில் விரலால் அருமையாகத் தாளம் போடுவான். எங்கே கற்றாய் என்று கேட்டோம். தலைகுனிந்து, "தொலைக்காட்சியிலே பார்த்துப் பழகினேன், சேர்" என்றான். அவன் பாட்டனார் தோட்டத்தின் பேர்பெற்ற தப்பாசான் என்பதைப் பின்னர் வேறொருவர் வழியாக அறிந்தோம். அச்சிறுவன் சொன்ன பொய்யில் எத்தனை தலைமுறையின் அவமானம் அடங்கியிருக்கிறது! பாட்டனார் மழையில் நனைந்தபடி சாவு வீட்டு வாசலுக்கு வெளியே நின்று அடித்ததையும், எட்டி நின்று கொடுத்த சில்லறையையும் சாராயத்தையும் வாங்கிக்கொண்டதையும் அவன் கண்டிருக்கிறான். அதனை மறைக்க முயல்வது குற்றமா?

முற்போக்கு நண்பர்கள் சிலர் சொல்லுகின்றனர்: "அடிமைச் சின்னத்தை எறிந்துவிடுவதே விடுதலை. தப்பு அழியட்டும்." இக்கருத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று மறுத்து, அதற்காகத் துன்பம் ஏற்ற இளைஞர் தமிழகத்திலும் உண்டு, இங்கும் உண்டு. அவர்களுடைய மறுப்பு நியாயமானது. கட்டாயம் இருக்கும் வரையில் அது நீடிக்கவும் வேண்டும். ஆனால் கட்டாயமும் கருவியும் ஒன்றல்ல. உழவன் கொத்தடிமையாய் இருந்தான் என்பதற்காக நாம் கலப்பையை வெறுப்பதில்லை. அழியவேண்டியது பிறப்பைக் கொண்டு ஒருவனை அழைக்கும் வழக்கம்.

இதற்கு நடைமுறைச் சான்றும் இருக்கிறது. திண்டுக்கல்லில் 1990 அளவில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவியைப் பெண்களே மேடையேற்றி முழக்கினர். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் பறையைப் பலருக்கும் பயிற்றுவித்து, 2025இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். சென்னையிலும் வெளிநாடுகளிலும் சாதி வேறுபாடின்றி இளைஞர் வாரந்தோறும் கூடிப் பறை பழகுகின்றனர். கட்டளைக்கு ஒலித்த கருவி விருப்பத்துக்கு ஒலிக்கும்போது அதன் மானம் மீள்கிறது.

அறிவியல் சொல்வது

இனி, தொடக்கத்தில் கூறிய மருத்துவச் செய்திக்கு வருவோம். 2012இல் ஒக்ஸ்பர்ட் அறிஞர் ரொபின் டன்பரும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், இசையைக் கேட்டிருந்தவரைவிட, தாமே பாடியோரும் ஆடியோரும் முழவு கொட்டியோரும் வலியை மிகுதியாகத் தாங்கினர். உடலே சுரக்கும் வலிதணிப்பான் ஒன்று இதற்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. 2016இல் இலண்டனில் டெய்சி ஃபான்கோர்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சேவையை நாடியோர் பத்து வாரம் குழுவாக முழவு பழகினர். அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, பிறரோடு இணங்கும் திறன் வளர்ந்தது. இவை சிறு அளவிலான ஆய்வுகளே. தப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று எவரும் சொல்லவேண்டாம். மருத்துவரிடம் போகவேண்டியவர் போகத்தான் வேண்டும்.

ஆயினும் இவ்வாய்வுகள் காட்டும் இரு செய்திகளை நாம் கருதவேண்டும். முதலாவது, பயன் வெறுமனே கேட்பதில் இல்லை; தானே செய்வதில் இருக்கிறது. இரண்டாவது, கூட்டமாகச் செய்தல். தப்படிப்பவன் தன் அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தாளம் சிதறும்; அருகில் நிற்பவனுடைய கையையும் மூச்சையும் கவனித்தாகவேண்டும். வலக்கையின் அடிக்குச்சியும் இடக்கையின் சுண்டுக்குச்சியும் வெவ்வேறு வேலை செய்யும், காலும் அசையும், கண் தோழரைப் பார்க்கும். மனம் அங்கேயே நின்றாகவேண்டும். இதனைக் காமன் கூத்தாடியோர் ஆய்வுக்கூடம் இன்றியே அறிந்திருந்தனர்.

மாலைப்பொழுதில் லயன்களைச் சுற்றிவரும் இளைஞனுக்கு இன்று என்ன இருக்கிறது? சாராயக் கடை இருக்கிறது; கையில் தொலைபேசி இருக்கிறது; கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இருக்கிறது. பத்துப் பேர் ஒரு மைதானத்தில் நின்று ஒரே அடியைப் பழகும் ஒரு மணிநேரம் அவனுக்கு ஒரு பெரும்பேறு. பெண்ணுக்கு அந்த ஒரு மணிநேரமும் இல்லை. மலையிலிருந்து இறங்கியதும் அவளுக்கு இரண்டாவது பிரட்டு அடுப்படியில் காத்திருக்கிறது. ஆகையால் கலை பழகுங்கள் என்று மட்டும் உபதேசிப்பது அரை உண்மை. கூலி உயரவேண்டும், வீட்டுவேலையை ஆணும் பங்கிடவேண்டும், பொழுது அவளுக்கும் சொந்தமாகவேண்டும். ஓய்வுக்கான போராட்டமும் கலைக்கான போராட்டமும் ஒன்றே.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியராகிய நாம் என்ன செய்யலாம்? கண்டிய நடனமும் அதன் பெரமும் பாடசாலை வழியாகவே குல எல்லையைக் கடந்து பொதுமக்களின் கலையாயின. தப்புக்கும் அந்த வாயில் திறக்கவேண்டும். எமது பாடசாலையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். அச்சிறுவனின் பாட்டனாரைத் தேடிச் சென்று, மாணவருக்குக் கற்பிக்க வருமாறு வேண்டினோம். அவர் முதலில் மறுத்தார். "பள்ளிக்கூடத்துக்குள்ளே தப்பா? யாருங்க செத்தது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்ல எமக்குச் சிறிது நேரம் பிடித்தது. பின்னர் மூன்று நிபந்தனைகளை நாமே கூறினோம்: அவருக்கு ஆசானுக்குரிய நாற்காலி, உழைப்புக்கு முறையான ஊதியம், எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே வட்டத்தில் நின்று பழகுதல். பெற்றோர் சிலர் முகஞ்சுளித்தனர். ஒருவர் தம் மகளை அனுப்ப மறுத்தார். நாம் வற்புறுத்தவில்லை. தொடர்ந்து பேசிவருகிறோம்.

முதல் வியாழக்கிழமை மாலை அவர் வந்தார். மைதானத்தில் சிறு நெருப்பு மூட்டித் தப்பின் தோலைக் காய்ச்சினார். தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சி, ஒலி தெளிந்த பின்னர் அதனைப் பேரனின் தோளில் மாட்டினார். எந்த அடியை முதலில் கற்பிப்பீர்கள் என்று கேட்டோம். காமன் கூத்து அடி என்றார். பிரட்டு அடியைப் பற்றிக் கேட்டபோது, "அதைப் பிள்ளைகள் தெரிஞ்சிக்கட்டும். கடைசியிலே சொல்லிக்குடுக்கிறேன்" என்றார்.

அவ்வரிசை சரியானதே. பிள்ளைகள் முதலில் மகிழ்ச்சியின் அடியைப் பழகட்டும். பின்பு, தம் பாட்டன் பாட்டிமாரை இருளில் எழுப்பிய அடி எதுவென்று வரலாறாக அறியட்டும். வாசகர்களாகிய ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் வேண்டுவது இதுவே: உங்கள் ஊரில் தப்பாசான் ஒருவர் இன்னும் உயிரோடிருந்தால், சாவு வரும்வரை காத்திராமல் இப்போதே அவரைத் தேடிச் செல்லுங்கள். நாற்காலி ஒன்றையும் ஊதியத்தையும் முன்வைத்து, கற்றுத்தருமாறு கேளுங்கள்.